உங்களுக்குத் தெரியுமா? ஊர் கேட்ட கணக்கு

இந்தோனேசியாவில் அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி கவிழ்ந்த 1998-இல், உலக வங்கிக் கடனுதவியுடன் 'கெச்சமாத்தான் (துணை மாவட்ட) வளர்ச்சித் திட்டம்' தொடங்கியது. ஊருக்கு வேண்டியது சாலையா, பாலமா, குடிநீரா என்பதைக் கிராமத்தினரே கூடிப் பேசி முன்மொழிந்தார்கள். பெண்கள் தனியே கூடி முன்வைக்கும் கோரிக்கைக்கும் இடம் இருந்தது. பணம் 40, 40, 20 சதவீதமாக மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணையில் வாங்கிய மணலுக்கும் கல்லுக்கும், கொடுத்த கூலிக்கும் ஊர்க் கூட்டத்தில் கணக்குச் சொன்ன பிறகே அடுத்த தவணை வந்தது! செலவு விவரம் அறிவிப்புப் பலகையிலும் இருந்தது. மேலிடத்து உத்தரவுக்கே பழகிய மக்களுக்கு இப்படிக் கணக்குக் கேட்பது பெரிய உரிமையாக இருந்தது. பின்னர் 2014-இல் அந்நாட்டில் வந்த கிராமச் சட்டம், தேசிய பட்ஜெட்டிலிருந்தே கிராமங்களுக்கு நிதி ஒதுக்க வழிசெய்தது.