கழிப்பறை இணைத்த சாண எரிவாயு கலனா? கழிவுக் கரைசலில் கவனம் தேவை

வலிப்பு வந்த பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, 'மூளையில் புழுக்கட்டி' என்று டாக்டர் சொன்னதும், 'நாங்கள் பன்றிக்கறியே தொடுவதில்லையே' என்பார்கள் வீட்டில். அடுத்து பழி முட்டைக்கோஸ் மீது விழும். உண்மையில் இந்நோய் வருவது மனித மலத்திலிருந்து.

புழுக்கட்டி உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகாமல் சாப்பிடுபவரின் குடலில் நாடாப்புழு சில மீட்டர் நீளத்துக்கு வளரும். அவருக்குப் பெரும்பாலும் தொந்தரவே தெரியாது. ஆனால், மலத்தோடு கழன்று விழும் ஒவ்வொரு துண்டிலும் பல ஆயிரம் முட்டைகள் இருக்கும். அந்த மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் கட்டி உருவாகும். அதே முட்டை கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக மனிதரின் வயிற்றுக்குள் போனால், வெளிப்படும் இளம்புழு ரத்தத்தில் கலந்து மூளையில் தங்கிவிடும். அதனால்தான் சைவம் சாப்பிடுவோருக்கும் வருகிறது. இந்நோய் பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதற்கும் சாண எரிவாயுவுக்கும் தொடர்பு உண்டு. 2 கனமீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ மாட்டுச் சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். மாடு குறைந்த வீடுகளில் பன்றிக் கொட்டில் கழிவையும், கழிப்பறையையும் கலனோடு இணைக்கிறார்கள். நல்ல யோசனைதான். திறந்தவெளியில் மலம் கிடக்காவிட்டால் பன்றிக்கு முட்டை போகாது. பன்றிச் சாணத்தில் இந்த முட்டை இருப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

சிக்கல் எல்லாம் வெளியே வரும் ஸ்லரி எனும் கழிவுக் கரைசலில்தான். கலனுக்குள் அது சுமார் 40 நாள் இருக்கும். வெப்பம் 30 முதல் 35 டிகிரிதான். நோய்க் கிருமிகள் பல குறைந்துவிடும். தடித்த ஓடுள்ள நாடாப்புழு முட்டை முழுவதும் சாகும் என நம்ப முடியாது. முட்டைகள் அடியில் படிவதால், தூர்வாரும்போது கிடைக்கும் வண்டல் இன்னும் ஆபத்து. வாடை போய்விட்டதே என்று கீரைப் பாத்திக்குத் திருப்பி விடுகிறார்களே, அதுதான் கூடாது.

கொத்தமல்லி, முள்ளங்கி, கேரட், வெள்ளரி என்று பச்சையாகச் சாப்பிடும் எதற்கும் இந்தக் கரைசல் வேண்டாம். பன்றிக்கும் மாட்டுக்கும் போடும் தீவனப் பயிருக்கும் வேண்டாம். காய்ந்த இலை, வைக்கோல் மீது ஊற்றிக் குவித்து மட்க வைக்கலாம். குவியலின் வெப்பம் 50 டிகிரிக்கு மேல் ஒரு வாரமாவது நீடிக்க வேண்டும். ஓரம் சூடாகாது என்பதால் கிளறி உள்ளே தள்ள வேண்டும். முடியாதவர்கள் வண்டலைத் தனிக் குழியில் ஓராண்டுக்கு மேல் மூடி வைத்துவிட்டு எடுக்கலாம். மாட்டுச் சாணம் மட்டும் போடும் கலனுக்கு இந்தப் பயம் இல்லை.

வீட்டில் யாருக்காவது மலத்தில் வெள்ளை நாடாத் துண்டு தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையில் குணமாகும். ஆனால் வலிப்பு உள்ளவர்கள் கடையில் தாமாகப் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மூளையில் கட்டி இருந்தால் மாத்திரையே வலிப்பைத் தூண்டலாம்.