கேட்டது கிடைத்தது எதற்காக?

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் நம் தேவாலயங்களில் ஸ்தோத்திரக் காணிக்கைகள் பெருகுவதைப் பலரும் கண்டிருப்பர். பிள்ளை சித்தியடைந்த தாய் முகமலர்ச்சியோடு காணிக்கை செலுத்துவாள். அதே ஆலயத்தின் பின்வரிசையில், அவளைப் போலவே கண்ணீரோடு ஜெபித்தும் மகன் சித்தியெய்தாத மற்றொரு தாய் தலைகுனிந்து அமர்ந்திருப்பாள். கேட்ட பொருள் கைக்கு வருவதுதான் ஜெபத்தின் பயன் என்றால், அந்தத் தாய்க்கு நாம் கூறத்தக்கது யாது?

இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு ஜோர்ஜ் முல்லரின் வரலாற்றைப் படிப்பது நலம். கடவுளிடம் கேட்டதையும் பெற்றதையும், கடைக்காரர் பேரேடு எழுதுவதுபோல், நாளும் திகதியும் இட்டு எழுதி வைத்தவர் அவர்.

முல்லர் 1805இல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே நகரின் சர்வகலாசாலையில் இறையியல் கற்ற காலத்தில், ஏழை மாணாக்கருக்கென ஒதுக்கப்பட்ட இலவச விடுதியில் இரண்டு மாதங்கள் தங்கினார். அவ்விடுதி பிராங்கே என்னும் பெரியார் நிறுவிய அநாதை இல்லத்தைச் சேர்ந்தது. (அந்நகர் தமிழருக்கும் அந்நியமன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் அங்கே கற்றவரே.)

1832இல் முல்லர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் போதகப் பணி ஏற்றார். அங்கே அவர் சந்தித்த விசுவாசிகள் சிலர் நாளொன்றுக்கு 14 மணி நேரமும் 16 மணி நேரமும் உழைத்து உடல் நைந்தவர்கள். வேலையைச் சற்றே குறைத்து, கடவுளை நினைக்கவும் நேரம் ஒதுக்குங்கள் என்றால், குடும்பம் எவ்வாறு பிழைக்கும் என்று கேட்டனர். அவர்களைக் குறை சொல்லுதல் எளிது. முல்லர் அதைச் செய்யவில்லை. இவர்களுக்குப் பிரசங்கம் போதாது, கண்கண்ட சான்று வேண்டும் என்று எண்ணினார். கையில் பொருளில்லாத ஒருவன், எந்த மனிதரிடமும் கை நீட்டாமல், ஜெபத்தை மட்டுமே நம்பி அநாதைப் பிள்ளைகளை வளர்த்துக் காட்டினால் எப்படியிருக்கும்?

பிள்ளைகள்மீது அவருக்கு இரக்கம் இருந்தது. ஆயினும் கடவுள் இன்றும் ஜெபத்துக்குச் செவிசாய்க்கிறார் என்பதை உலகு காணவேண்டும் என்பதே தம் முதல் நோக்கம் என்று அவர் ஒளிவு மறைவின்றி எழுதினார். பசித்த குழந்தையைச் சான்றுப் பொருளாக்குவதா என்று எனக்கே முதலில் மனம் நெருடிற்று. பின்னர் லாசருவின் கல்லறை நினைவுக்கு வந்தது. அங்கே இயேசு பிதாவை நோக்கி உரக்கப் பேசியது, சூழ நின்ற ஜனங்கள் விசுவாசிக்கும்படியாகவே என்று யோவான் சுவிசேஷத்தின் 11ஆம் அதிகாரம் கூறுகிறது. மரியாளும் மார்த்தாளும் சகோதரனைத் திரும்பப் பெற்றனர். ஆனால் அந்த அற்புதம் அவர்களுடைய வீட்டோடு நின்றுவிடவில்லை.

முல்லரின் ஏட்டில் நகைப்பூட்டும் பக்கமும் உண்டு. வாடகை வீடு, பணம், தளபாடம், பணியாளர் அனைத்துக்கும் ஜெபித்து முடித்து, பிள்ளைகளுக்கான விண்ணப்பங்களை ஏற்க 1836 பெப்ரவரி 3ஆம் நாளைக் குறித்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தும் ஒருவரும் வரவில்லை. வீடு திரும்பும் வழியிலேதான், பிள்ளைகள் வரவேண்டும் என்று மட்டும் தாம் ஜெபிக்கவேயில்லை என்பது அவருக்கு உறைத்தது! அன்று மாலை அதற்காக முழந்தாளிட்டார்; மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. 1870 அளவில் ஐந்து பெரும் இல்லங்களில் 2,050 பிள்ளைகளுக்கு இடம் இருந்தது.

ஆண்டறிக்கை அச்சிட்டு வெளியிடுவதே ஒருவகை யாசகம் அல்லவா என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் 1841 டிசம்பரில் பணப்பெட்டி வறண்டிருந்தபோது, நம் தேவையைப் பிறர் அறிந்துவிடுவர் என்று அஞ்சி முல்லர் வருடாந்தக் கூட்டத்தையும் அறிக்கையையுமே ஒத்திவைத்தார். தொடர்ந்து வந்த நான்கு மாதங்கள் மிகக் கடியவையாயின. அதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

இனி அந்தப் பின்வரிசைத் தாயிடம் வருவோம். 1853இல் முல்லரின் ஒரே மகள் லிடியா கொடிய சுரத்தால் சாகும் தறுவாயில் கிடந்தாள். தந்தை ஜெபித்தார், பிழைத்தாள். 1870 பெப்ரவரியில் மனைவி மேரி நோயுற்றார். அதே மனிதர் அதே கடவுளிடம் மன்றாடினார். மேரி மரித்தார். 39 ஆண்டு இல்வாழ்க்கை அன்று முடிந்தது. கடவுள் நல்லவர், நன்மையே செய்கிறவர் என்னும் கருத்துடைய 119ஆம் சங்கீதத்தின் 68ஆம் வசனத்தை எடுத்து, மனைவியின் அடக்கப் பிரசங்கத்தைத் தாமே நிகழ்த்தினார். லிடியா பிழைத்தபோது கடவுளைப் பற்றி எதை நம்பினாரோ, அதையே மேரி மறைந்தபோதும் அவர் நம்பினார் என்பதற்கு அப்பிரசங்கமே சாட்சி. மகள் பிழைத்தது கடவுளின் நன்மையைக் காண்பதற்கு ஒரு சாளரமாயிற்று. அந்நன்மை பிறந்ததே அன்றுதான் என்று அவர் எண்ணவில்லை.

1844 நவம்பரில் ஐந்து நண்பர்கள் மனந்திரும்பவேண்டும் என்று அவர் ஜெபிக்கத் தொடங்கியிருந்தார். முதல்வர் பதினெட்டு மாதங்களில் திரும்பினார். இரண்டாமவருக்கு மேலும் ஐந்து ஆண்டுகள், மூன்றாமவருக்கு அதன்மேல் ஆறு ஆண்டுகள் சென்றன. 36 ஆண்டுகள் கழிந்த பின்பும் இருவர் மாறவில்லை என்று சபையோர் முன் சொன்ன முல்லர், அவர்களுக்காக இன்றும் ஜெபித்து வருகிறேன் என்றார்.