பாலைவழிப் பயணம் – 6: தண்ணீர் வெட்டிய பாதை

சென்ற வாரம் கலிஃபோர்னியாவின் டெத் வேலியில், மெஸ்கீட் ஃபிளாட் மணல்மேடுகளில் காற்றின் கைவேலையைப் பார்த்தோம். இந்த வாரம் தண்ணீரின் வேலை. கோல்டன் கேன்யன் வழியாக ஸப்ரிஸ்கி பாயின்ட் வரை ஏறி, கோவர் கல்ச் வழியாக இறங்குவோம். ரெட் கதீட்ரலையும் சேர்த்தால் பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பகல் போதும்.

ஆனால் அந்தப் பகல் குளிர்காலப் பகலாக இருக்க வேண்டும். 1913 ஜூலை 10 அன்று, உலகிலேயே மிக அதிகமாக 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது இங்கே ஃபர்னஸ் கிரீக்கில்தான். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் தாழ்வான பகுதிகளில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரிக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பகல் வெப்பம் இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும். அப்போதும் ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். வழியில் ஒரு சொட்டும் கிடைக்காது.

பாதை தொடங்கும் இடமே கடல் மட்டத்துக்குக் கீழே. உள்ளே நுழைந்ததும் இரு பக்கமும் மஞ்சள் சுவர்கள் எழுகின்றன. சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்த ஏரியின் வண்டல் அது. சாய்ந்து நிற்கும் ஒரு பாறைப் பலகையின் அருகே நின்று பாருங்கள். ஏரிக்கரைச் சேற்றில் சிற்றலைகள் போட்ட வரிகள் கல்லாகி அப்படியே இருக்கின்றன. விரலை வைத்தால் ஒவ்வொரு வரியின் மேடும் பள்ளமும் தெரிகிறது. படுத்திருந்த ஏரித்தளத்தைப் பூமியின் அசைவு இப்படித் தூக்கிச் சாய்த்திருக்கிறது.

தரையில் இன்னொரு தடயம்: உடைந்த தார்த் துண்டுகள். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்துக்குள் கார் போகும் சாலை இருந்தது. 1976 பிப்ரவரியில் நான்கு நாட்களில் ஆறு சென்டிமீட்டருக்கும் குறைவான மழை பெய்தது. நம் ஊரில் ஒரே இரவில் கொட்டிவிட்டுப் போகும் மழைதான். இங்கே அது ஏறக்குறைய ஓராண்டு மழை. களிமண் சரிவுகள் நீரை உறிஞ்சுவதில்லை. பிடித்து நிறுத்தப் புல்பூண்டும் இல்லை. பெய்தது முழுவதும் ஒரே ஓட்டமாக இந்தக் குறுகிய வழியில் இறங்கிச் சாலையைப் பெயர்த்தது. அதன் பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. மழைக்குறி தெரிந்தால் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

கிளைப் பாதையில் சற்று ஏறினால் ரெட் கதீட்ரல். இரும்புத் துரு சிவப்பாக்கிய செங்குத்துச் சுவர் அது. திரும்பி வந்து மேன்லி பீக்கனின் அடிவாரம் வழியே மேலேற வேண்டும். 1849இல் தங்கம் தேடிப் போய் இங்கே சிக்கிக்கொண்ட குடும்பங்களுக்காக வெளியே நடந்து போய், உணவோடு திரும்பி வந்து அவர்களை மீட்டவர்களில் ஒருவரான வில்லியம் லூயிஸ் மேன்லியின் பெயர் அந்தச் சிகரத்துக்கு. அந்தக் குடும்பங்கள் தவித்த இதே மண்ணில், ஊற்றுகள் இருக்கும் இடமறிந்த டிம்பிஷா ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தார்கள். இன்றும் வாழ்கிறார்கள்.

ஸப்ரிஸ்கி பாயின்ட்டில் நின்றால் நடந்து வந்த நிலம் முழுதும் மடிப்பு மடிப்பாகக் காலடியில் விரிகிறது. எதிரே 3,368 மீட்டர் உயர டெலஸ்கோப் சிகரம், பெரும்பாலான குளிர்காலங்களில் பனி மூடி நிற்கும். காரில் வருபவர்கள் படம் எடுத்துக்கொண்டு இங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் இறங்கிப் பார்க்க வேண்டியது கோவர் கல்ச்சை.

அதன் தரையில் மஞ்சள் மண்ணுக்குச் சம்பந்தமில்லாத சாம்பல் நிறக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்கின்றன. ஃபர்னஸ் கிரீக் குடியிருப்பை வெள்ளத்திலிருந்து காக்க, 1941இல் மேலேயிருந்து வரும் காட்டாற்றை இந்த ஓடைக்குள் திருப்பிவிட்டார்கள். சின்ன ஓடைக்குப் பெரிய ஆற்றின் வெள்ளம் வந்தது; கற்களும் அதோடு வந்தன. அன்றிலிருந்து ஓடை தன் தரையை வேகமாக அரித்து ஆழமாகிக்கொண்டே இருக்கிறது. வெள்ளத்தைத் திருப்பினால் அதன் பலம் குறைந்துவிடுவதில்லை. வேறொரு இடத்தை வெட்டத் தொடங்குகிறது. நீர்வழியில் கைவைக்கும் எவரும் இந்த ஓடையில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வெள்ளம் கடலுக்குப் போவதில்லை. பள்ளத்தாக்கின் தரையிலேயே தேங்கி, வற்றி, உப்பாகிறது. அடுத்த வாரம் அந்த உப்பு வெளிக்கு, கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டருக்குப் போவோம்.

(பயணம் தொடரும்)