மேகத்தில் ஒரு கணிதச்சாலை

தூதுப் பிரபந்தங்களில் தலைவி மேகத்தை விளித்துத் தன் குறையுரைத்து விடுத்தல் தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. கணிதம் பயில்வாரும் இக்காலத்தில் மேகத்தைத் தூது விடுகின்றனர் என்று விடுதியில் என் அறைத்தோழர் கூறியபொழுது யான் நகைத்தேன். அவர் கருதியது 'கிளவுட்' என்பதனை. அது வானில் உலவுவதன்று. மும்பை முதலிய நகரங்களிற் பெருங்கட்டடங்களுள் அடுக்கி நிறுத்தப்பெற்ற கணினிகளின் தொகுதியே. அவற்றின் ஒரு பங்கை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறலாம். அமேசான் நிறுவனத்தார் 2006-ஆம் ஆண்டிலே இவ்வாறு கணினியை வாடகைக்கு விடத் தொடங்கினர்.

தோழருக்கு வேண்டியது 'சேஜ்' என்னும் கணித மென்பொருள். வில்லியம் ஸ்டைன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 2005-இல் தொடங்கிய இது விலையின்றிக் கிடைப்பது. பாரி, கேப், மாக்சிமா முதலாய பல கருவிகளை ஒரு கூரையின்கீழ்க் கொணர்ந்தமையாற் பெருஞ்சுமை உடையது. மூலநிரலிலிருந்து கட்டுவிக்கப் புகுந்தாற் பல மணிநேரம் செல்லும். நினைவகம் சிறிதாயின், இயக்குதளம் அவ்வேலையை இடையிலேயே கொன்றுவிடும். தோழரின் பழைய மடிக்கணினியில் நேர்ந்தது இதுவே. மலிவென்று கருதி ஒரு ஜிபி நினைவகமுடைய வாடகைக் கணினியை முதலிற் கொண்டோம். அங்கும் அதே கதை! பின்னர் எட்டு ஜிபி உடையதொன்றைப் பெற்று, அதில் உபுண்டு இயக்குதளத்தின்மேல், முன்னரே கட்டி வைத்த சேஜை 'கொண்டா' என்னும் கருவியால் வருவித்தோம். அப்பெயர் தமிழ்ச் செவிக்கு ஏவலாகவே ஒலிக்கின்றது. அதன் தொழிலும் அதுவே.

இனி வாயிற்காவலைக் கூறவேண்டும். தொலைவிலுள்ள கணினியினுட் புகுதற்கு எஸ்எஸ்எச் என்னும் வழி உண்டு. அதன் வாயில் எண் 22. திறவுகோல் ஒரு சிறு கோப்பு. அதனைப் பிறரும் படிக்கும்படி விட்டிருந்தால் எஸ்எஸ்எச் அதனை ஏலாது. சேஜின் ஏடாகிய ஜூப்பிட்டர் 8888-ஆம் வாயிலில் நிற்கும். புதியோர் பலர் எளிமை கருதி அவ்வாயிலை உலகனைத்திற்கும் திறந்துவிடுகின்றனர். அதனுட் புகுந்தவன் எக்கட்டளையையும் இயக்கலாம். வாடகை நம்முடையது, வேலை அவனுடையது! ஆதலின் அதனைத் திறவாது, எஸ்எஸ்எச் வழியினுள்ளேயே ஒரு சுரங்கம் அமைத்து, நம் மேசைமேலுள்ள உலாவியில் அவ்வேட்டைக் காணுதலே தக்கது.

சோதனைக்கு ஒரு வினா விடுத்தோம். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். 200-ஐ எத்தனை வகையாகப் பிரிக்கலாம்? மக்மஹான் என்னும் ஆங்கில அறிஞர் கையாற் கணித்த அவ்விடையை, இராமாநுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட தம் சூத்திரத்தோடு ஒப்பிட்டு மகிழ்ந்தனர். எங்கள் ஏட்டில் யான் விரலை எடுக்குமுன் 3972999029388 என்று தோன்றிற்று. தமிழ் மாணவனாகிய யானும் சற்று நேரம் வாளாவிருந்தேன்.

இன்பம் நீடிக்கவில்லை. தோழர் கணினியை நிறுத்தாது விடுமுறைக்கு ஊர் சென்றார். உலாவியை மூடினால் வாடகை நிற்பதில்லை. கணினியை நிறுத்தினும் வட்டிற்குரிய சிறு வாடகை வளர்ந்துகொண்டேயிருக்கும். முற்றும் நீக்கினாலன்றித் தீராது. அவர் ஒரு மாத உணவுப்பணத்தை அதற்கே கட்டினார். இப்பொழுது யான் விளக்கணைக்குமுன் நாடோறும் அவரை வினவுகின்றேன்: "மேகத்தை நிறுத்தினீரா?"