மாலாவின் ஊரில் கேட்டுச் சாப்பிட்ட நாள்கள்

மாலா என்றால் என்னவென்று சிங்கப்பூர் இளையர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பல்கலைக்கழக உணவகங்களில் மதிய வேளையில் நீண்ட வரிசை எங்கே என்று பார்த்தால், பெரும்பாலும் அது மாலா கடையின் முன்னால்தான் இருக்கும். காய்கறி, காளான், நூடல்ஸ், கோழி என்று நாமே கிண்ணத்தில் எடுத்துப் போட்டு, எடைக்கு ஏற்பப் பணம் கட்டி, “காரம் கொஞ்சம் குறைவாக” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்போம்.

அந்தச் சுவையின் சொந்த ஊர், தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் வட்டாரம். மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் சிச்சுவானின் தலைநகரான செங்டூவில் ஒரு தவணை படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 2 கோடிக்கும் அதிகமானோர் வசிக்கும் பெருநகரம் அது. 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பு அதை ‘உணவுக்கலை நகரம்’ என்று அறிவித்தது. ஆசியாவில் அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் நகரம் செங்டூதான்.

சிங்கப்பூரிலிருந்து சென்ற குழுவில் நாங்கள் மூவர் தமிழர்கள். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது. தோழி ஒருவர் சைவம். மற்றொரு நண்பர் முஸ்லிம் என்பதால் ஹலால் உணவு மட்டுமே உண்பவர். சிங்கப்பூரில் நாங்கள் மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து சாப்பிடுவது சாதாரணம். ஹலால் சான்றிதழ், தனித் தட்டுகள், இந்திய உணவுக் கடை என எல்லாவற்றையும் நமக்கு முன்னரே யாரோ யோசித்து ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். செங்டூவில் அந்த வசதி இல்லை. அங்கு நாம்தான் கேட்க வேண்டும்.

புறப்படும் முன்னர் எங்களுக்கு இரண்டு விதமான அறிவுரை கிடைத்தது. பெட்டி நிறைய உடனடி நூடல்ஸ் கொண்டு போங்கள் என்றனர் சிலர். எதையும் கேட்காமல் கொடுத்ததைச் சாப்பிட்டுவிடுங்கள் என்றனர் வேறு சிலர். முதல் வழியில் போனால் அறைக்குள்ளேயே தவணை முடிந்துவிடும். இரண்டாவது வழியில் வீட்டுப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

நாக்கு ஏன் மரத்துப்போகிறது?

‘மாலா’ என்பது இரண்டு சொற்கள். ‘லா’ என்றால் காரம். ‘மா’ என்றால் மரத்துப்போகும் உணர்வு. காரம் மிளகாயிலிருந்து வருகிறது. மரத்துப்போக வைப்பது ‘ஹுவாஜியாவ்’ எனப்படும் சிச்சுவான் மிளகு. பெயரில் மிளகு இருந்தாலும், நம் ரசத்தில் போடும் மிளகுக்கும் அதற்கும் உறவு கிடையாது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கையில் வைத்து நசுக்கிப் பார்த்தால் எலுமிச்சைத் தோலின் மணம் வரும்.

அதிலுள்ள சான்ஷூல் என்னும் வேதிப்பொருள், தொடு உணர்வுக்கான நரம்புகளைத் தூண்டுகிறது. 2013ல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், இந்த மிளகைத் தடவிய உதடுகள் விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை அதிர்வதுபோல் உணர்வதாகக் கண்டறியப்பட்டது. ஆக, ‘மா’ என்பது சுவைகூட அன்று. ஒருவகைத் தொடு உணர்வு.

மிளகாயின் கதையில் நமக்கும் பங்குண்டு. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. அதே நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலும் அதைப் பற்றிய குறிப்பு காணப்படுகிறது. சிச்சுவான் சமையலும் தமிழர் சமையலும் மிளகாய் இல்லாமலே பல நூற்றாண்டுகள் நடந்திருக்கின்றன. இன்று இரண்டிலிருந்தும் மிளகாயைப் பிரிக்க முடியுமா?

காரத்துக்கு அடுத்து அங்குள்ள சமையலறைகளில் முக்கியமானது ‘டோபான்ஜியாங்’. பெரிய அவரை வகைப் பருப்பையும் சிவப்பு மிளகாயையும் உப்புடன் சேர்த்து, மண்சாடிகளில் வெயிலிலும் பனியிலும் மாதக்கணக்கில் புளிக்க வைத்துச் செய்யும் விழுது இது. செங்டூவைச் சேர்ந்த பிக்‌சியான் வட்டாரம் இதற்குப் பெயர்பெற்றது. 

எண்ணெய்க்குள் ஒரு கேள்வி

செங்டூவில் நண்பர்கள் கூடினால் ‘ஹுவோகுவோ’ எனப்படும் ஹாட்பாட் சாப்பிடத்தான் போவார்கள். மேசை நடுவே சிவப்பு எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும். மெல்லிய இறைச்சித் துண்டுகள், தாமரைக் கிழங்கு, உருளைக்கிழங்கு, காளான், வாத்துக் குடல் என எல்லாவற்றையும் அதில் அமிழ்த்தி எடுத்து, பூண்டு போட்ட நல்லெண்ணெயில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். வறுத்த எள்ளின் மணம் கொண்ட அந்த எண்ணெய்க் கிண்ணம் சூட்டையும் காரத்தையும் தணித்துவிடும்.

வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உள்ளூர் மாணவர்கள் எங்களை ஹாட்பாட்டுக்கு அழைத்தார்கள். “எனக்கு மாட்டிறைச்சி வேண்டாம்” என்று அழைத்தவரிடம் முன்கூட்டியே சொன்னேன். “அதற்கென்ன, நீ கோழி போட்டுச் சாப்பிடு” என்றார். 

கடைக்குப் போகும் முன் இன்னொன்றையும் கேட்டேன். குழம்பின் எண்ணெய் எதிலிருந்து எடுத்தது? அவர் சற்று யோசித்துவிட்டு, “மாட்டுக் கொழுப்பு. ஆனால் அது எண்ணெய்தானே, இறைச்சி இல்லையே?” என்றார். அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை இறைச்சி வேறு, எண்ணெய் வேறு. பாரம்பரிய ஹாட்பாட் குழம்புக்கு மணமும் கனமும் தருவதே மாட்டுக் கொழுப்புதான். கடையில் வாங்கும் ஹாட்பாட் மசாலாப் பொட்டலங்கள் பலவற்றிலும் அது உண்டு.

அவரே கைப்பேசியில் தேடி ‘சிங்யோ’ ஹாட்பாட் கடை ஒன்றைக் கண்டுபிடித்தார். மாட்டுக் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில், பெரும்பாலும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயில், செய்யும் வகை இது. செங்டூவில் அதற்கென்றே கடைகள் உள்ளன. கேட்டால்தான் தெரிய வருகிறது.

சாப்பிடும்போது ஏன் மாட்டிறைச்சி வேண்டாம் என்று மற்றொருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில், எங்கள் வீட்டுப் பழக்கத்தையும் உழவுக்கு உதவிய மாடுகளுக்கு நன்றி சொல்லும் மாட்டுப் பொங்கலையும் பற்றிச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “கிராமத்தில் என் தாத்தாவும் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார். தன்னோடு வயலில் வேலை செய்த மாட்டை எப்படிச் சாப்பிடுவது என்பார்” என்றார். அதுவரை நான் விருந்தாளி. அதன்பிறகு அந்த மேசையில் நானும் ஒருவன்.

‘ஈக்கடை’ சாப்பாடு

செங்டூவில் நல்ல சாப்பாடு எங்கே என்று உள்ளூர்வாசிகளிடம் கேட்டால், ‘சாங்யிங் குவான்சி’க்குப் போகச் சொல்வார்கள். நேர்ப்பொருள் ‘ஈக்கடை’. பழைய சந்துகளில் நாலைந்து மேசைகளுடன் இயங்கும் சிறு கடைகளுக்குச் செல்லமாக வைத்த பெயர் அது. அலங்காரம் இருக்காது. ஆனால், மதியம் இடம் கிடைப்பது கடினம். நான் சென்றபோது அத்தகைய கடைகளில் ஒரு கிண்ணம் நூடல்ஸ் 10 முதல் 15 யுவான்வரை, அதாவது நம் காசுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 வெள்ளிக்குக் கிடைத்தது.

‘டான்டான்’ நூடல்ஸுக்குப் பெயர் தந்தது காவடிக் கம்பு. ஒரு காலத்தில் வியாபாரிகள் கம்பின் ஒரு முனையில் அடுப்பையும் மறுமுனையில் நூடல்ஸையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். மேலே தூவுவது பெரும்பாலும் பொடியாக நறுக்கி வறுத்த பன்றி இறைச்சி.

‘மாபோ தோஃபு’ செங்டூவில் பிறந்தது. 1862ல் அங்குள்ள ஒரு பாலத்தருகே உணவுக்கடை நடத்திய சென் குடும்பத்துப் பெண்மணியின் முகத்தில் அம்மைத் தழும்பு இருந்ததால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். தழும்பைக் குறிக்கும் ‘மா’வும் மாலாவில் வரும் ‘மா’வும் ஒரே எழுத்து. சிங்கப்பூரில் இதைப் பன்றி அல்லது கோழி இறைச்சியுடன் செய்வதைப் பார்த்திருப்போம். பிறந்த ஊரின் பழைய முறைப்படி அதில் சேர்வது மாட்டிறைச்சிக் கொத்து. தோஃபு என்றதும் சைவம் என்று எண்ணிவிட முடியாது.

இதற்கு நேர்மாறானது ‘யூசியாங்’ கத்தரிக்காய். பெயரின் பொருள் ‘மீன் மணம்’. ஆனால், அதில் மீனே கிடையாது. மீன் சமைக்கும்போது போடும் ஊறுமிளகாய், இஞ்சி, பூண்டு, புளிக்காடி, சர்க்கரை ஆகியவற்றில் செய்வதால் அந்தப் பெயர். சில கடைகளில் இறைச்சிக் கொத்து சேர்ப்பார்கள். வேண்டாம் என்றால் போடாமல் தருவார்கள். என் நாக்குக்கு அது வீட்டுப் புளிக்குழம்பின் தூரத்து உறவு.

மூவருக்கு மூன்று வழி

சைவத் தோழிக்குக் கை கொடுத்தது மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் பெயரைத் தாங்கிய வென்ஷு மடம். அங்கு சைவ உணவகமும் தேநீர்க் கடையும் உள்ளன. சோயா, காளான், கோதுமைப் புரதம் ஆகியவற்றைக் கொண்டு இறைச்சிபோலவே சமைக்கிறார்கள். சீனப் பௌத்த சைவத்தில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. வெளியில் ‘தியன்ஷுய்மியன்’ எனும் இனிப்பும் காரமும் கலந்த தடித்த நூடல்ஸ், வெல்லப்பாகு ஊற்றிய குளிர்ந்த ‘பிங்ஃபென்’ ஆகியவற்றை அவர் விரும்பிச் சாப்பிட்டார். நூடல்ஸ் சூப்பைத் தவிர்த்தார். காய்கறி நூடல்ஸ் என்றாலும் சூப் எலும்பில் செய்யப்பட்டிருக்கலாம்.

முஸ்லிம் நண்பர் தேடியது ‘சிங்சன்’ என்ற அறிவிப்பை. ஹலாலைக் குறிக்கும் சீனச் சொல் அது. வடமேற்குச் சீனாவைச் சேர்ந்த ஹுய் முஸ்லிம்கள் நடத்தும் கையால் இழுத்த நூடல்ஸ் கடைகள் நகரெங்கும் உள்ளன. நகர மையத்தில் ஹுவாங்செங் பள்ளிவாசலும் இருக்கிறது. அக்கடைகளில் மாட்டிறைச்சி சூப்தான் பிரதானம் என்பதால், நான் தக்காளியும் முட்டையும் சேர்த்த சூப் இல்லாத நூடல்ஸைக் கேட்டு வாங்கினேன்.

நண்பர் அந்த முதல் ஹாட்பாட்டுக்கு வரவில்லை. அதைக் கவனித்த உள்ளூர் மாணவர்கள், அடுத்த முறை அவர்களாகவே ஒரு சிங்சன் கடையைத் தேர்ந்தெடுத்தார்கள். தோழிக்குத் தனியாகக் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சொல்லி வைத்திருந்தார்கள். பத்துப் பேர் அமர்ந்த அந்த மேசையில் யாரும் தனித்து விடப்படவில்லை.

கற்றுக்கொண்டு போக வேண்டிய சொற்கள்

சீனாவுக்குப் படிக்கவோ வேலைப் பயிற்சிக்கோ செல்லவிருக்கும் இளையர்கள் சில சொற்களைப் பழகிக்கொள்வது நல்லது. “வோ பு ச்சர் நியூரோ” என்றால் நான் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். “வோ ச்சர் சு” என்றால் நான் சைவம். ‘நியூயோ’ என்பது மாட்டுக் கொழுப்பு. ‘சிங்யோ’ என்பது தாவர எண்ணெய். ‘வெய் லா’ என்றால் குறைந்த காரம். செங்டூவின் குறைந்த காரம் நம் ஊரில் நடுத்தரக் காரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மாண்டரினில் உச்சரிப்பின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறும். அதனால் இந்த வாக்கியங்களைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து, கடைக்காரரிடம் காட்டுவது பாதுகாப்பானது. ‘இறைச்சி வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல் எண்ணெய், சூப், மேலே தூவும் கொத்து, தோய்க்கும் சாந்து என ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாந்துக் கிண்ணத்தில் சேர்க்கும் சிப்பிச் சாறு சைவம் அன்று. பெரும்பாலான கடைகளில் கியூஆர் குறியீட்டை வருடித்தான் உணவைத் தேர்வுசெய்து பணம் கட்ட வேண்டும். மின்கட்டணச் செயலியைப் புறப்படும் முன்பே தயார் செய்துகொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ளவர்கள் வெளிநாட்டில் நண்பர்களைப் பெறுவது கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். எங்கள் அனுபவம் வேறு. எங்களிடம் பேச்சுக் கொடுக்க உள்ளூர் மாணவர்களுக்குக் கிடைத்த முதல் காரணமே எங்கள் உணவுப் பழக்கம்தான். நாங்கள் கேட்டோம், அவர்களும் கேட்டார்கள். அதில் அவர்கள் பொங்கலைத் தெரிந்துகொண்டார்கள். நாங்கள் ஒரு சிச்சுவான் உழவரின் மனத்தைத் தெரிந்துகொண்டோம். வாய்ப்புக் கிடைப்பவர்கள் தயங்காமல் செல்லுங்கள். பெட்டியில் உடனடி நூடல்ஸுக்கு ஒதுக்கிய இடத்தில் நண்பர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் முறுக்கு எடுத்துப் போகலாம்.