கணினித் தையலா, கசூதியா? துணியின் மறுபக்கம் சொல்லும் விடை

பெங்களூரு: புடவையிலோ, சுவரில் மாட்டும் துணி ஓவியத்திலோ உள்ள எம்பிராய்டரி கையால் செய்யப்பட்டதா, கணினி வழி இயக்கப்படும் இயந்திரத்தால் தைக்கப்பட்டதா என்பதை முன்பக்கத்தை மட்டும் பார்த்து எளிதில் கூறிவிட முடியாது. கர்நாடகத்தின் பாரம்பரியக் கைவேலையான கசூதியைப் பொறுத்தவரை, இந்த வேறுபாடு அதைத் தைக்கும் பெண்களின் கூலியோடு தொடர்புடையதாகும்.

எம்பிராய்டரி மென்பொருள், ஓர் உருவத்தை அச்சுப்பொறியைப் போல் அப்படியே பதிப்பதில்லை. உருவத்தின் ஒவ்வொரு பகுதியையும் தையலாக மாற்றி, ஊசி இறங்க வேண்டிய புள்ளிகளை வரிசைப்படுத்துகிறது. 'டிஜிட்டைசிங்' எனப்படும் இப்பணியில், கோடுகளுக்கு ஓட்டுத் தையலும், குறுகிய பட்டைகளுக்கு சாட்டின் தையலும், அகன்ற பரப்புகளுக்கு நிரப்புத் தையலும் தேர்வு செய்யப்படுகின்றன. நூலின் இழுப்பில் துணி சுருங்கி வட்டம் நீள்வட்டமாகிவிடாதிருக்க, உருவம் முன்கூட்டியே சற்று அகலப்படுத்தப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் வில்காம் போன்ற கட்டண மென்பொருள்களும், 'இங்க்ஸ்டிச்' போன்ற இலவச மென்பொருள்களும் இதற்குப் பயன்படுகின்றன.

வட கர்நாடகத்தின் தார்வாட், ஹூப்பள்ளி வட்டாரங்களில் வேரூன்றிய கசூதியில், துணி மீது படம் வரையப்படுவதில்லை. துணியின் இழைகளை எண்ணியே கோபுரம், தேர், யானை, துளசி மாடம் போன்ற உருவங்கள் தைக்கப்படுகின்றன. இதில் கவந்தி, முர்கி, நேய்கெ, மெந்தெ என நான்கு தையல்கள் உள்ளன. நேய்கெ என்பது நெசவையும், மெந்தெ என்பது வெந்தயத்தையும் குறிக்கும் கன்னடச் சொற்களாகும்.

கவந்தியில் ஊசி ஒரு கோட்டில் இடைவெளி விட்டுச் சென்று, அதே வழியில் திரும்பும்போது அந்த இடைவெளிகளை நிரப்புகிறது. படிக்கட்டு போல் வளைந்து செல்லும் முர்கியும் இம்முறையிலேயே தைக்கப்படுகிறது. முடிச்சும் போடப்படுவதில்லை. எனவே இவ்விரு தையல்களிலும் துணியின் இரு பக்கங்களும் ஒன்றுபோல் காணப்படும். மற்ற இரண்டு தையல்களில் மறுபக்கம் மாறுபடும்.

இந்த வழித்தடத்தை மென்பொருளிலும் வகுக்க முடியும். ஆனால், பெரும்பாலான எம்பிராய்டரி இயந்திரங்கள் மேல்நூல், பாபின் நூல் என இரண்டு நூல்களைப் பின்னித் தைக்கின்றன. ஆகவே, உருவம் ஒன்றாக இருந்தாலும் தையலின் அமைப்பு வேறாகிறது. மறுபக்கத்தில் தென்படும் வெள்ளை பாபின் நூலும், துணி சுருங்காதிருக்க வைக்கப்பட்ட தாளின் எச்சமும் இயந்திர வேலைக்கான அடையாளங்களாகும். பாபினிலும் அதே நிற நூலைப் பயன்படுத்தினால், இரு நூல்களும் பின்னியிருப்பதை உற்று நோக்கியே அறிய வேண்டும்.

1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடு சட்டத்தின் கீழ் கசூதி கைவினைப் பொருளாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. இந்தப் பதிவு கர்நாடக மாநில கைவினைப்பொருள் மேம்பாட்டுக் கழகத்திடம் உள்ளது. இயந்திரத் தையல் குறைந்த நேரத்தில் முடிவதால் விலையும் குறைகிறது. அதனைக் கசூதி என்ற பெயரிலேயே விற்றால், பல நாள்கள் இழை எண்ணித் தைத்தவரின் உழைப்பு அந்த விலையோடு போட்டியிட நேரிடும்.

அதேவேளையில், மென்பொருள் கைவினைக்கு எதிரானது அன்று. மூத்தவர்களின் நினைவில் மட்டும் உள்ள உருவங்களைக் கட்டங்களாகப் பதிவு செய்யவும், தைக்கும் முன்பே நிறங்களை மாற்றிப் பார்க்கவும், இழைக் கணக்கைச் சரிபார்க்கவும் அது உதவும். இயந்திரத்தில் தைத்ததை இயந்திர வேலை என்றே குறிப்பிட்டு விற்றால், வாங்குபவரும் தாம் கொடுக்கும் விலை எதற்கானது என்பதை அறிந்து வாங்க இயலும்.