வீடு திரும்பிய பின் முப்பது நாள்

மருத்துவமனையிலிருந்து ஒருவர் நலம்பெற்று வீடு திரும்பும் நாள் அக்குடும்பத்தார்க்கு ஒரு சிறு திருநாள். கட்டணத்தைச் செலுத்தி, மருந்துப் பையையும் எக்ஸ்ரே உறையையும் எடுத்துக்கொண்டு, வாயிலில் வாடகைக் காரை நிறுத்தி, நோயாளியைக் கைத்தாங்கலாக அழைத்து வருகிறோம். அந்தப் பரபரப்பில், செவிலியர் சீட்டைக் காட்டி விரைந்து சொல்லும் சொற்கள் நம் செவியில் ஏறுவதில்லை. இந்த மாத்திரை காலையில், அது இரவில், இதனைப் பாதியாக்க வேண்டும், பழையதை நிறுத்திவிட வேண்டும் என்கிறார்; நாமும் தலையசைக்கிறோம். பத்து நாட்களில் அதே நோயாளி அதே மூச்சுத் திணறலுடன் அதே வாயிலுக்குத் திரும்ப நேர்ந்தால் யாரை நோவது?

இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க மருத்துவ அறிஞர்கள். அதற்கொரு காரணம் உண்டு. அந்நாட்டில் 65 வயது நிறைந்தோரின் மருத்துவச் செலவில் பெரும்பகுதியை 'மெடிகேர்' என்னும் அரசுக் காப்புறுதித் திட்டம் ஏற்கிறது. ஆகவே ஒரு முதியவர் எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை சென்றாலும் கணக்கு ஓரிடத்தில் வந்து சேர்கிறது. ஸ்டீபன் ஜென்க்ஸ், மார்க் வில்லியம்ஸ், எரிக் கோல்மன் ஆகிய மூவர் அக்கணக்குகளை ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வீடு திரும்பிய சுமார் 1 கோடியே 18 இலட்சம் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தனர். 90 நாட்களுக்குள் மூன்றில் ஒருவர். 2004-ஆம் ஆண்டில் மட்டும் இதனால் நேர்ந்த செலவு 1,740 கோடி டாலர் என மதிப்பிட்டனர்.

இத்தொகையைவிட எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. அறுவை சிகிச்சையின்றி மருந்தால் நலம்பெற்றுச் சென்று, 30 நாட்களுக்குள் திரும்பியவர்களில் பாதிப் பேர் இடைப்பட்ட நாட்களில் ஒரு மருத்துவரையேனும் கண்டதாகக் கணக்கில் இல்லை! மருத்துவமனை தன் கடமை முடிந்ததென்று எண்ணிற்று. குடும்ப மருத்துவருக்கோ நோயாளி வீடு வந்த செய்தியே எட்டவில்லை.

இவ்வாறு திரும்புவோரில் இருதயத் தளர்ச்சி உடையோர் மிகுதி. தளர்ந்த இருதயம் இரத்தத்தைப் போதிய விசையுடன் செலுத்த இயலாதபோது உடலில் நீர் தேங்குகிறது. உப்பு மிகுந்தால் நீரும் மிகும். நம் வீட்டில் ஊறுகாயும் அப்பளமும் செய்கின்ற தீங்கை அங்கே டப்பாவில் அடைத்த சூப்பும் உப்பிட்ட இறைச்சியும் செய்கின்றன. கால் வீங்கி, மூச்சு முட்டுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே உடலின் எடை ஏறத் தொடங்கிவிடும். காலைதோறும் எடை பார்த்து எழுதி வைப்பவர், இரண்டு மூன்று நாட்களில் ஒன்றிரண்டு கிலோ கூடியதைக் கண்டு உடனே மருத்துவரிடம் சொல்வாராயின், மருந்தின் அளவை மாற்றியே பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இதற்கு வேண்டியது ஓர் எடைக் கருவியும், அதன் பொருளைப் பொறுமையுடன் விளக்கும் ஒருவருமே.

அத்தகைய ஒருவரை ஏற்படுத்திப் பார்த்தால் என்ன என்று செயின்ட் லூயிஸ் நகரில் மைக்கேல் ரிச் என்னும் மருத்துவரின் குழு முனைந்தது. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 282 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் செவிலியரின் போதனை, உணவு ஆலோசனை, மருந்துகளைச் சீர்செய்தல், வீட்டிலும் தொடரும் கண்காணிப்பு ஆகியவற்றை அளித்தனர். 1995-இல் வெளிவந்த முடிவின்படி, 90 நாட்களில் வழக்கமான கவனிப்புப் பெற்ற பிரிவில் 94 மறுசேர்க்கைகள், மற்றதில் 53.

பிலடெல்பியாவில் மேரி நெய்லர் என்னும் செவிலியப் பேராசிரியை இன்னும் ஒரு படி சென்றார். அவருடைய திட்டத்தில், உயர்பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் முதியவரை மருத்துவமனையிலேயே சந்தித்துப் பழகுகிறார். வீடு திரும்பிய 48 மணி நேரத்திற்குள் அதே செவிலியர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். பழைய மாத்திரைகளும் புதியவையும் ஒரே டப்பாவில் கலந்து கிடக்கின்றனவா, சமைத்துக் கொடுக்க ஆள் உண்டா, குளியலறைக்குச் செல்லும் வழியில் இடறுவதற்கு ஏதேனும் உளதா என்பன போன்றவற்றை மருத்துவமனைக் கட்டிலருகே நின்று எவரும் அறிய முடியாது. இரண்டாம் முறையும் வருகிறார். நான்கு வாரம் வரையில், வாரத்தின் எல்லா நாட்களிலும் தொலைபேசியில் கிடைக்கிறார். 363 முதியவர்களைக் கொண்ட இவ்வாய்வு 1999-இல் வெளியாயிற்று. 24 வாரங்களில் மீண்டும் சேர்ந்தோர், வழக்கமான முறையில் நூற்றுக்கு 37 பேர். செவிலியர் தொடர்ந்த பிரிவில் 20 பேர். செலவும் ஏறக்குறைய பாதியாயிற்று.

பாஸ்டனில் பிரையன் ஜாக் குழுவினர் ஒவ்வொரு நோயாளிக்கும் அவரவர் பெயரில் எளிய படங்களுடன் ஒரு கையேடு தயாரித்துக் கொடுத்தனர். எந்த மாத்திரை எதற்காக, அடுத்து எந்த மருத்துவரை எந்நாளில் காண வேண்டும் என்பன அதில் இருக்கும். அத்துடன், "புரிந்ததா?" என்று கேட்பதை விடுத்து, "வீட்டில் என்ன செய்வீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்று செவிலியர் கேட்கிறார். புரிந்ததா என்ற கேள்விக்கு நம்மில் எவரும் இல்லை என்று விடை கூறுவதில்லையே! சில நாட்களுக்குப் பின் மருந்தாளுநர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து மருந்துகளைப் பற்றி விசாரிக்கிறார். 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அவசரப் பிரிவுக்கும் மருத்துவமனைக்கும் மீண்டும் வருவது ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததென்று கண்டனர்.

இவற்றையெல்லாம் கண்ட அரசு, நற்பணிக்குப் பரிசளிப்பதற்கு முன் தண்டத்தைக் கையில் எடுத்தது. 2012 அக்டோபர் முதல், மறுசேர்க்கை மிகுந்த மருத்துவமனைகளுக்கு மெடிகேர் தரும் தொகை வெட்டப்படுகிறது. முதலில் 1 விழுக்காடு வரை, பின்னர் 3 விழுக்காடு வரை. மறுசேர்க்கைகள் குறைந்தன. ஆனால் ஏழைகள் மிகுதியாக நாடும் மருத்துவமனைகளே அதிகம் தண்டம் செலுத்தின. வறிய நோயாளிகளை ஏறக்குறைய ஒரே அளவில் பெற்ற மருத்துவமனைகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமென்று 2016-இல் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இத்திட்டம் வந்த பின் இருதயத் தளர்ச்சி, நுரையீரல் அழற்சி நோயாளிகளிடையே வீடு திரும்பியபின் நேரும் மரணம் மிகுந்ததாகக் கூறிற்று. மறுத்துரைக்கும் ஆய்வுகளும் உள்ளன. விவாதம் எவ்வாறு முடியினும், மீண்டும் சேர வேண்டியவரைச் சேர்க்கத் தயங்கும் நிலை எந்த மருத்துவமனைக்கும் வரலாகாது என்றே நாம் கருதுகிறோம்.

செவிலியரை அனுப்பினால் எங்கும் இதே வெற்றி கிட்டுமா? நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் என்னும் வறிய நகரில், அடிக்கடி மருத்துவமனையில் சேரும் 800 பேரைக் கொண்டு சோதித்தனர். அவர்கள் பல நோய்களோடு வறுமையும் போதைப் பழக்கமும் தனிமையும் சேர்ந்து வாட்டியவர்கள். செவிலியரும் சமூகப் பணியாளரும் அவர்களைத் தேடிச் சென்றனர். 2020-இல் வெளியான முடிவு பலருக்கும் ஏமாற்றமளித்தது: 180 நாட்களில் மீண்டும் சேர்ந்தோர் இத்திட்டத்தில் நூற்றுக்கு 62.3, திட்டத்தில் சேராதோரில் 61.7. முன்னும் பின்னும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் பெருவெற்றி எனத் தோன்றியிருக்கும். ஏனெனில் நோய் உச்சத்தில் இருக்கும்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், எவர் வந்தாலும் வராவிட்டாலும், பின்னர் ஓரளவு தணிந்தே வருகின்றனர். சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து வைத்த மறுபிரிவு இருந்ததனாலேயே உண்மை வெளிப்பட்டது. நிலையான வீடும் தொலைபேசியும் இல்லாத பலரை, குறித்த நாட்களுக்குள் சென்று காணவே அவர்களால் இயலவில்லை.